முப்பத்திரண்டு ஓட்டைக் காலணா

தம்பி வந்த நேரத்தில் மில்லக்கா தன் மாவு மில்லில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக வாசலோடு நின்றுவிடுகிறவன். மாவுத்தூசி சட்டையில் பட்டுவிடும் என்று, அங்கிருந்தபடியே சத்தம் போட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நடையைக் கட்டுவான். அன்றைக்கு நேரே உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டையோடு மிஷின் பக்கத்தில் மண்டி போட்டான். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தான்.

மில்லக்கா சுவிட்சை அணைத்தாள். பெல்ட் தடதடத்து, மூச்சு வாங்கி, நின்றது.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரே ஒரு போல்ட்டு. கழட்டிப் பார்த்துட்டு அப்படியே மாட்டிடறேன்."

"கையை எடு."

"அக்கா, விஷயம் தெரியாம பேசாதே."

"தெரிஞ்சப்புறம் பேசறேன். முதல்ல கையை எடு."

அவன் எடுத்தான். ஐம்பத்து நாலு வயதிலும் அவளுடைய அந்தக் குரலுக்கு அவன் கை தானாகப் பின்வாங்கத்தான் செய்தது. அவள் அவனைவிட நாலு வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலை வாரி, மூக்குச் சிந்தி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள்.

தம்பி எழுந்து, முழங்கால் மாவைத் தட்டிவிட்டு, செல்போனை நீட்டினான். திரையில் ஒருவன் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பேசினான். உங்கள் வீட்டுப் பரணைத் தேடுங்கள், பழைய டப்பாவைத் திறங்கள், நீங்கள் லட்சாதிபதி என்பது உங்களுக்கே தெரியாது என்றான். பிறகு அவன் விரல் நுனியில் ஒரு செம்புக் காசு வந்தது. நடுவில் வட்டமாக ஓட்டை.

ஓட்டைக் காலணா. ஒன்று மூன்று லட்சம்.

மில்லக்கா திரையைப் பார்த்தாள். அப்புறம் தன் மிஷினைப் பார்த்தாள்.

எழுபது வருஷத்து மிஷின் அது. வார்ப்பிரும்பு உடம்பு. உள்ளே இரண்டு கல். ஒன்று சும்மா நிற்கும், மற்றது சுற்றும். மேலே தானியம் கொட்டுகிற தொட்டி, பக்கவாட்டில் கல்லை நெருக்கவும் தளர்த்தவும் ஒரு கைச்சக்கரம், கீழே மாவு இறங்குகிற துணிக்குழாய். இத்தனையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவை முப்பத்திரண்டு போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கு அடியிலும் வாஷராக ஒரு ஓட்டைக் காலணா.

அப்பா மிஷினைப் பூட்டிய காலத்தில் கடையில் ஒரு வாஷர் அரையணா. காசோ காலணா. அளவும் கச்சிதம், ஓட்டையும் கச்சிதம். காசைக் கொடுத்து வாஷர் வாங்குவதைவிடக் காசையே வாஷராக வைப்பது பாதிச் செலவு என்று அப்பா கண்டுபிடித்தார். அவர் மட்டுமல்ல, அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்கள் பலரும் செய்த காரியம்தான். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து அந்தக் காசுகளை எண்ணி விளையாடியிருக்கிறார்கள். அவனுக்குக் கணக்கு இன்னும் மறக்கவில்லை. ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறவனுக்கு எப்படி மறக்கும்?

"முப்பத்திரண்டு பெருக்கல் மூணு. தொண்ணூத்தாறு லட்சம். உனக்கு நாப்பத்தெட்டு, எனக்கு நாப்பத்தெட்டு."

"கழட்டினா மிஷின் என்ன ஆகும்?"

"புது வாஷர் வாங்கிப் போடலாம். ஒண்ணு அஞ்சு ரூபாய்கூட ஆகாது."

மில்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர், முன்னாள் பஸ் டிரைவர், கை சும்மா இருக்க முடியாமல் ஒரே ஒரு போல்ட்டைத் திருகிப் பார்த்தார். துருவும் மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. போல்ட்டு திரும்பவில்லை. அது கோத்திருந்த மிஷினின் காதுதான் விண்டது. இரும்புப் பட்டை போட்டு இழுத்துக் கட்டி, இன்றைக்கும் அந்த மூலை லேசாக முனகிக்கொண்டுதான் ஓடுகிறது. ஒரு போல்ட்டுக்கே இந்தக் கதி. முப்பத்திரண்டையும் கழற்றினால் மறுபடி மாட்டுவதற்கு மிஷின் என்று ஒன்று இருக்காது. அந்த உடம்பை வார்த்த பட்டறையும் இப்போது இல்லை.

மிஷின் நின்றால் அவளும் நிற்க வேண்டியதுதான். மாணவர் விடுதிக்குத் தினமும் எண்பது கிலோ மாவு போகிறது. இரண்டு நாள் தவறினால் போதும், பாக்கெட் மாவுக்காரன் தயாராகக் காத்திருக்கிறான்.

இதையெல்லாம் தம்பிக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவன் காது கொடுத்துக் கேட்டான். கேட்டுவிட்டு, தொண்ணூத்தாறு லட்சம் கையில் இருக்கும்போது மாவு மில் எதற்கு என்றான்.

"எனக்கு வேணும்."

"எதுக்குக்கா? இந்த வயசுல, இந்தத் தூசியில?"

"உனக்குக் கல்லா எதுக்கு? எழுந்து வா."

அவன் கிளம்பிப் போனான். ஆனால் ஸ்பானரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மழை மூட்டம். இந்த மாதிரி நாளில் ஈரத் தானியத்தைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். மில்லக்கா ஒவ்வொரு டின்னிலிருந்தும் இரண்டு மணி எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தாள். டக்கென்று உடைந்தால் தொட்டிக்குப் போகும். பிசுக்கென்று நசுங்கினால் திரும்பி வீட்டுக்குப் போகும். ஈரம் உள்ளே போனால் கல் அடைத்துக்கொள்ளும், அப்புறம் கல்லைத் தளர்த்திக் கம்பியால் குத்தி எடுக்க அரை நாள் போய்விடும். நாலு டின் திரும்பிப் போனது. ஒரு அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அரைக்கிற வரிசையும் அவள் சொல்வதுதான். காலையில் அரிசி, பிறகு கோதுமை, மத்தியானத்துக்கு மேல் சோளம். மிளகாய் வாரத்தில் ஒரு நாள், அதுவும் கடைசியில். துணிக்குழாயின் வாயில் வருகிற மாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பாள். சூடு கூடினால் கைச்சக்கரத்தில் கால் சுற்று. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

பதினோரு மணிக்குத் தபால் ஐயா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் விடவில்லை. பழைய காசு சேர்க்கிறவர். மில்லக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினைச் சுற்றி வந்தார். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி ஒவ்வொரு போல்ட்டாகக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பியும் வந்தான். கூடவே அவன் மனைவி.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. என்ன விலை போகும்?" என்றாள் மில்லக்கா.

"என் ஆல்பத்துல இதே காசு பதினொண்ணு வச்சிருக்கேன். நாப்பது ரூபாய்க்கு மேல எதுக்கும் குடுக்கலை. அதுவும் கீறல் இல்லாத காசு. இது அத்தனையும் நசுங்கி, நெளிஞ்சு, போல்ட்டுத் தலை கடிச்ச காசும்மா. யாரும் வாங்க மாட்டான். வாங்கினா பழைய இரும்புக் கடைக்காரன் வாங்குவான், எடைக்கு."

"மூணு லட்சம்னு சொல்றாங்களே" என்றான் தம்பி.

"சொல்லட்டும். வாங்கறேன்னு எவனாவது உன் வாசல்ல வந்து நின்னானா? கோடிக் கணக்குல அடிச்சு விட்ட காசுப்பா அது. நான் சின்னப் பையனா இருந்தப்போ கடைக்கு அனுப்பினா இதைச் சுண்டு விரல்ல மோதிரம் மாதிரி மாட்டி அனுப்புவாங்க, தொலைச்சிடக் கூடாதுன்னு. ஒரு காலணாவுக்குக் கடலை வாங்கினா ரெண்டு பாக்கெட்டும் நிரம்பும். இன்னிக்கு அதே காசை நாப்பது ரூபாய் குடுத்து வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி பகலா பாக்கறேன். அந்தக் கடலை மட்டும் கிடைக்கலை."

சொல்லிவிட்டு அவர் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டார். இப்போது அதில் எந்தக் காசும் ஏறாது, கணு வீங்கியிருந்தது.

தம்பி நம்பவில்லை. கிழவர் அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்கிறார் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னான். பிறகுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. செல்போன் கோட்டுக்காரனுக்கு அவன் ஏற்கெனவே பதிவுக் கட்டணம் என்று ஆறாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தான். ஒரு வாரத்துக்குள் காசுகளின் படம் போகாவிட்டால் கட்டணம் திரும்பாதாம்.

"அது எப்பவோ திரும்பாதுப்பா" என்றார் தபால் ஐயா.

தம்பி மனைவி இடையில் புகுந்தாள்.

"நாங்க கேட்டா விலையில்லைங்கறாங்க. நாளைக்கு அண்ணி தனியா வித்துக்கமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? மாமா காசை எங்கே வச்சுட்டுப் போனாருன்னு அன்னிக்கும் எங்களுக்குத் தெரியாமத்தானே போச்சு."

மில்லக்கா சுவிட்சைப் போட்டாள். மிஷின் ஓடத் தொடங்கியதும் யாரும் பேச முடியாது. அந்த மிஷினால் அவளுக்கு இருந்த பல சௌகரியங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பத்து வருஷத்துக்கு முன்னால், அப்பா காலமான மாதமே பங்கு பிரித்தார்கள். வீடு தம்பிக்கு, மில் அக்காவுக்கு. அதில் தகராறே இல்லை. ஆனால் அப்பா பெட்டியில் எதிர்பார்த்த பணம் இல்லை. கடைசி இரண்டு வருஷம் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டவள் மில்லக்கா. மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது போக மிஞ்சியது நானூறு ரூபாய். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. பத்திரம் எழுதும்போது மட்டும் ஒரு வரி சேர்க்கச் சொன்னான். 'தகப்பனார் வைத்துப்போன ரொக்கமும் காசும் எப்போது, எந்த இடத்தில் இருந்து கிடைத்தாலும் இருவருக்கும் சரிபாதி.'

எந்த இடத்தில் இருந்து என்றால் எந்த இடம்? அவள் மடியிலிருந்தா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்தினார், அவள் கையெழுத்துப் போட்டாள்.

தபால் ஐயா வந்த அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். கூடப் பிறந்தவன், நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் முகத்தில் விழிக்க வேண்டும், நாலைந்து போல்ட்டை மட்டும் ஜாக்கிரதையாகக் கழற்றிக் கொடுத்தால் என்ன என்றார்.

"ஜாக்கிரதையா ஏற்கெனவே ஒண்ணைக் கழட்டினீங்களே. அந்தக் காது இன்னும் முனகுது."

அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டார்.

"நான் சண்டை வேணாம்னுதான் சொல்றேன்."

"பத்து வருஷம் முன்னாடியும் அதையேதான் சொன்னீங்க. அப்போ விட்டதுதான் இப்போ ஸ்பானரோட வந்து நிக்குது."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பங்குப் பத்திரத்தின் நகலை எடுத்தாள். மில்லுக்கு வந்து, மூட்டை மேல் உட்கார்ந்து படித்தாள். ஒரு தடவை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் தடவை விஷயம் புரிந்தது. அந்த வரி அப்பட்டமாகத் தம்பி பக்கம் இருந்தது. மூன்றாம் தடவை, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வா. பத்திரம் எழுதினவரையும் கூட்டிட்டு வா. ஃபிட்டர் வேணும்னாலும் கூட்டிட்டு வா. பத்திரத்துல என்ன இருக்கோ அதும்படி முடிச்சுக்கலாம்."

"வாக்கு மாற மாட்டியே?"

"நான் எப்பவாவது மாறியிருக்கேனா?"

அவன் சரி என்று போனை வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொட்டியது. கூரைத் தகரத்தில் இரைச்சல். நனைந்த குடைகளை மூலையில் சாய்த்துவிட்டு எல்லாரும் உள்ளே வந்தார்கள். தம்பி, அவன் மனைவி, பத்திரம் எழுதியவர், பெரிய ஸ்பானர்களும் ஒரு சுத்தியலும் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஃபிட்டர். மில்லக்கா கேட்டுக்கொண்டதால் தபால் ஐயாவும் வந்திருந்தார். வீட்டுக்காரர் எல்லாருக்கும் டீ வாங்கி வந்து கொடுத்தார். ஃபிட்டர் டீயைக் குடித்துக்கொண்டே மிஷினை ஒரு நோட்டம் விட்டு, உதட்டைப் பிதுக்கினான். இது கழற்றுகிற வேலை இல்லை, உடைக்கிற வேலை என்று சுருக்கமாகச் சொன்னான்.

பத்திரம் எழுதியவர் மாவு மூட்டை மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, மிஷின் பற்றியும் காசு பற்றியும் இருந்த இரண்டு வரிகளை வாசித்தார்.

"மிஷினும் அதுல பொருத்தியிருக்கிற சகல சாமானும் இந்த அம்மாவுக்கு. இது ஒரு வரி. ரொக்கமும் காசும் எங்கே கிடைச்சாலும் சரிபாதி. இது இன்னொரு வரி. போல்ட்டுக்கு அடியில இருக்கறது வாஷர்னா இந்த அம்மாவோட சொத்து. காசுன்னா பாதி உங்களது. அது எதுங்கறதை நான் சொல்ல முடியாது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணணும்."



"தம்பியே சொல்லட்டும்" என்றாள் மில்லக்கா. "அவன் சொல்றதுக்கு நான் கட்டுப்படறேன்."

வீட்டுக்காரர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். தம்பிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"காசுதான்க்கா. அதுல சந்தேகமே இல்லை. அரசாங்கம் அடிச்ச காசு. வாஷர் இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன்."

"அப்ப எழுதிக் கையெழுத்துப் போடு."

தம்பி மனைவியைப் பார்த்தான். எழுதிக் கொடுங்க, நமக்கு நல்லதுதானே என்று அவள் கண்ணைக் காட்டினாள். பத்திரம் எழுதியவர் வெள்ளைத் தாளை எடுத்தார். மில்லக்கா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள், அவர் எழுதினார். மிஷினில் இருக்கிற முப்பத்திரண்டு ஓட்டைக் காலணாவும் தகப்பனார் வைத்துப்போன ரொக்கம். அவை வாஷர் அல்ல, காசு. பத்திரப்படி அந்த ரொக்கத்தில் எனக்குப் பாதி. அந்தப் பாதியை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபின் மிஷின் மேலும் அதில் உள்ள எதன் மேலும் எனக்குப் பாத்தியதை இல்லை.

தம்பி ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தான். எங்கே இடித்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டான். தபால் ஐயாவும் ஃபிட்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஃபிட்டர் சாக்குப் பையைத் திறந்தான்.

"அதை மூடு" என்றாள் மில்லக்கா. "ரொக்கத்தைப் பிரிக்க ஸ்பானர் எதுக்கு? ஐயா, எத்தனை காலணா சேர்ந்தா ஒரு அணா?"

"நாலும்மா" என்றார் தபால் ஐயா. சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"முப்பத்திரண்டுக்கு?"

"எட்டணா."

"அதுல பாதி?"

"நாலணா."

மில்லக்கா அரைப்புக் கூலி போடுகிற மரப்பெட்டியைத் திறந்தாள். நோட்டுகளை ஒதுக்கி, அடியில் துழாவி, ஒரு ரூபாய்க் காசு ஒன்றை எடுத்தாள். மாவு படிந்திருந்தது. முந்தானையில் துடைத்து, தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா உன் ரொக்கம்."

தம்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது மடல்வரை சிவந்தது.

"என்னக்கா விளையாடறியா? மூணு லட்சம் விலை போற சாமான்..."

"விலை போற சாமானா? சாமான்னா வாஷர். வாஷர்னா என்னுது. இல்லை, காசுன்னு இப்பத்தானே கையெழுத்துப் போட்டே? காசுக்கு அதுல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு. இருபத்தாறு வருஷமா கல்லாவுல உட்கார்ந்திருக்கியே, எவனாவது பத்து ரூபாய் நோட்டை நீட்டி இதைப் பதினோரு ரூபாய்க்கு வச்சுக்கோன்னா வச்சுப்பியா?"

ஃபிட்டர் டீ டம்ளருக்குள் சிரித்தான். டீ மூக்கில் ஏறிவிட்டது.

"அந்தக் காசு இப்போ செல்லவே செல்லாதே அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"செல்லாதுன்னா சுத்தமா ஒண்ணுமில்லைம்மா. நான்தான் கூடப் பிறந்தவனாச்சேன்னு செல்லற மாதிரி வச்சுக் குடுக்கறேன்."

தம்பி பத்திரம் எழுதியவரைப் பார்த்தான். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எழுத்துப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ரொக்கம் என்று எழுதிய பிறகு விலை பேச இடமில்லை என்றார். தனக்குத் தரவேண்டியதைத் தம்பிதான் கொடுத்தாக வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்தினார். ஃபிட்டரும் மழையில் வந்ததற்குக் கூலி கேட்டான்.

"நீ இப்படிப் பண்ணுவேன்னு நினைக்கலைக்கா" என்றான் தம்பி.

"நானும்தான் நினைக்கலை. அப்பா போய் ஒரு மாசம்கூட ஆகலை. எந்த இடத்துல இருந்து கிடைச்சாலும்னு எழுதச் சொன்னே பாரு, அப்போ என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தியா நீ? அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினவ நான். மடியில முடிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சே. நினைச்சதை வாய்விட்டுக் கேட்டிருந்தா அறைஞ்சிருப்பேன், அன்னிக்கே தீர்ந்திருக்கும். நீ எழுத்துல கேட்டே. நான் எழுத்துல குடுத்துட்டேன்."

வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து வந்து மனைவி பக்கத்தில் நின்றுகொண்டார். இந்தத் தடவை கையைப் பிடித்து அழுத்தவில்லை. பெல்ட்டை எடுத்து மோட்டார் சக்கரத்தில் மாட்டினார்.

தம்பி ஒரு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வீசி எறியலாம்; எறிந்தால் பங்கு வாங்காதவனாகிவிடுவோமோ என்று தோன்றியது. பையில் போடலாம், போட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு காசை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் நின்றது அதுதான் முதல் தடவை. கடைசியில் சட்டைப் பையில் போட்டான். மனைவி குடையை விரித்தாள்.

மில்லக்கா சுவிட்சுக்குப் போன கையை நிறுத்தினாள்.

"டேய்."

அவன் திரும்பினான்.

"உன் பங்கு நாலணாதான். என்கிட்ட சில்லறை இல்லாம ஒரு ரூபாயாக் குடுத்திருக்கேன். பதினாறணாவுல மீதி பன்னெண்டணா நீ தரணும். அவசரமில்லை. வீட்டுல மாவு தீர்ந்து கோதுமை அரைக்க வருவே இல்ல, அப்பக் கொண்டு வா."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் சுவிட்சைப் போட்டாள்.